வெள்ளிக்கிழமைச் சோளம்

சுலோஜனா தன் மனதுக்குப் பிடித்தவனை முதன்முதலாக வீட்டுக்குக் கூட்டி வந்த நாள் வெள்ளிக்கிழமையாக அமைந்தது அவளுடைய தாய் ஜெயமலருக்கு வசதியாகப் போய்விட்டது. வேறு கிழமையென்றால் வேறு சாட்டுத் தேட வேண்டி வந்திருக்கும்.

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு, வைகாசி மாதம். ஜெர்மனியின் ஹம் நகரில் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கத் தெருவொன்றில், மூன்றாம் மாடியில் அவர்களுடைய வீடு. ஜெயமலர் முதியோர் இல்லம் ஒன்றின் சமையற்கட்டில் வேலை செய்தாள். கணவர் தம்பித்துரைக்குக் கம்பித் தொழிற்சாலையில் வேலை. ஒரே பிள்ளை சுலோஜனா. தாதிப் படிப்பை முடித்துவிட்டுத் தெற்கே கைசர்ஸ்லவுட்டர்னில் ஓர் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போனாள். அங்கே அமெரிக்கர்களுடைய இராணுவ முகாம் இருக்கிறது என்பதைத் தாய் அப்போது யோசிக்கவில்லை.

கதவைத் திறந்தபோது மகளுக்குப் பின்னால் நெடுநெடுவென்று ஒரு கறுப்பு அமெரிக்க இளைஞன் நின்றான். வெண்டல் என்று பெயர். இராணுவத்தில் வாகனம் திருத்துகிற வேலை. சீருடையில் வரவில்லை, வெள்ளைச் சட்டை, நன்றாக அயர்ன் பண்ணிய காற்சட்டை. யாரும் சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றிச் சுவரோரம் நேராக வைத்தான். கையில் துவாயால் சுற்றிய ஒரு பெரிய கண்ணாடித் தட்டு. நான்கைந்து மணித்தியால ரயில் பயணம் முழுக்க அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தானாம்.

"அம்மா, இது வெண்டல் தன்ர கையால செய்தது. அவையின்ர வீட்டில ஆக்கள் கூடுற நாளில செய்யிற சோளச் சாப்பாடு. இறைச்சிக்குப் பக்கத்தில வச்சுச் சாப்பிடுவினம்."

ஜெயமலர் தட்டைப் பார்க்கவில்லை. ஒட்ட வெட்டிய அவன் தலைமயிரைப் பார்த்தாள். முதுகை நிமிர்த்தி, கால்களைச் சற்று அகட்டி அவன் நின்ற நிலையைப் பார்த்தாள். அவளுடைய மூத்த சகோதரன் யோகனை எண்பத்தைந்தாம் ஆண்டு ஊரில் ஒரு காலைப்பொழுதில் கடைக்குப் போன இடத்தில் ஆமி பிடித்தது. அவன் திரும்பி வரவேயில்லை. எந்த நாட்டு ஆமி, என்ன நிறம், வாகனம் திருத்துகிறவனா சுடுகிறவனா என்ற பிரிவெல்லாம் அவளுக்குத் தோன்றவில்லை. ஆமி என்றால் ஆமிதான்.

சுலோஜனா தானே போய்க் கரண்டி எடுத்து, தட்டின் ஒரு மூலையை வெட்டிச் சின்னப் பீங்கானில் வைத்துத் தாயின் முன்னால் நகர்த்தினாள்.

"ஒருக்கா ருசி பாருங்கோ அம்மா."

"முட்டை போட்ட சாமான். இண்டைக்கு வெள்ளிக்கிழமை. எனக்கு ஏலாது பிள்ளை."

மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தாயின் முகத்தைப் பார்த்தாள். பிறகு சொல்லவில்லை.

"அப்பா?"

தம்பித்துரை மனைவியைப் பார்த்தார். "பிறகு பாப்பம்" என்றார். தேநீர் குடித்தார்கள். தம்பித்துரை தன்னுடைய பழைய பள்ளிக்கூட ஆங்கிலத்தில் ரயில் எப்படி, வெயில் எப்படி என்று கேட்டார். வெண்டல் ஒவ்வொரு கேள்விக்கும் முழுப் பதில் சொன்னான். ஒரு மணித்தியாலம் ஆவதற்குள் பேச்சு வற்றிவிட்டது. அவர்கள் எழும்பியபோது ஜெயமலர் துவாயைத் தட்டின் மேல் ஒழுங்காகச் சுற்றி, மகளின் கையில் கொடுத்தாள்.

"இதை நீங்களே கொண்டு போங்கோ. இஞ்ச சாப்பிட ஆளில்லை."

குரலை உயர்த்தவில்லை. பேசியதில் ஒரு மரியாதைக் குறைவும் இல்லை. வெண்டல் அவள் என்ன சொன்னாள் என்று சுலோஜனாவிடம் கேட்டான். அவள் ஒரு வார்த்தையில் ஏதோ சொன்னாள். அவன் தலையை ஆட்டி, சிரித்து, தட்டைத் தானே வாங்கிக்கொண்டான். அந்தச் சிரிப்பில் கோபம் இல்லாததுதான் பின்னாளில் ஜெயமலருக்கு அதிகமாக உறைத்தது.

வெட்டி வைத்த மூலைத் துண்டு மட்டும் மேசையில் மிஞ்சிக் கிடந்தது. தம்பித்துரை பல்கனியில் புகைத்துக்கொண்டு நின்றார். ஜெயமலர் அதைக் குப்பையில் போடத்தான் எடுத்துப் போனாள். கழுவுதொட்டிக்கு முன்னால் நின்று, ஒரு நுனியைக் கிள்ளி வாயில் போட்டாள். ஆறியிருந்தது. ஓரம் மொறுமொறுப்பு, உள்ளே கேக்கும் இல்லாமல் களியும் இல்லாமல் ஒரு மிருது, நடுநடுவே சோள மணிகள் பல்லில் பட்டு உடைந்து இனித்தன. நெய் போல வெண்ணெய் மணத்தது. முழுவதையும் தின்று முடித்து, பீங்கானைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

ஆடி மாதம் அவர்கள் நகரசபையில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். சுலோஜனா தொலைபேசியில் நாளைச் சொன்னாள். "அப்பாவுக்கு வேலை" என்றாள் ஜெயமலர். அதற்குப் பிறகு மகள் பண்டிகைக்குப் பண்டிகை மட்டும் எடுத்தாள். இலையுதிர் காலத்தில் வெண்டலை ஈராக்குக்கு அனுப்பினார்கள். தை மாதத்தில் ஒரு பின்னேரம் தொலைபேசி அடித்தது.

"அம்மா, வெண்டல் போன வாகனம் கண்ணிவெடியில மாட்டிட்டுது. உயிர் இருக்கு. தலையில காயம். இஞ்ச ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்திட்டினம்."

"நாங்கள் வரட்டோ பிள்ளை?"

"வேண்டாம் அம்மா."

அந்த 'வேண்டாம்' அவளே முன்பு மகளுக்குக் கொடுத்தனுப்பியதுதான் என்று ஜெயமலருக்கு விளங்கியது. தொலைபேசியை வைத்தாள்.

அவனைச் சத்திரசிகிச்சைக்கு அமெரிக்காவுக்குக் கொண்டு போனார்கள். சுலோஜனாவும் கூடப் போனாள். ஆறேழு மாதம் கழித்து, ஆவணி முடிகிற நேரம், இருவரும் வீட்டைக் காலி பண்ணிக் கணக்கு முடிக்கத் திரும்பி வந்தார்கள். உலகக் கிண்ணக் கால்பந்து முடிந்த கோடை அது. ஹம்மில் பல்கனிகளில் கட்டிய கொடிகள் இன்னும் வெளுத்துத் தொங்கின. ஊரில் மறுபடியும் சண்டை தொடங்கியிருந்தது. தம்பித்துரை வேலை முடிந்து வந்தால் தொலைக்காட்சிக்கு முன்னாலிருந்து எழும்புவதில்லை.

"நாங்கள் ஒரேயடியா அமெரிக்காவுக்குப் போகப்போறம்" என்றாள் சுலோஜனா தொலைபேசியில். "போக முதல் ஒருக்கா வந்திட்டுப் போறம். வாற சனிக்கிழமை."

தொலைபேசியை வைத்த கையோடு ஜெயமலர் முடிவு பண்ணினாள். அந்தச் சோளச் சாப்பாட்டைத் தான் செய்து அவன் முன்னால் வைக்க வேண்டும். வைத்துவிட்டு, தனக்குத் தெரிந்த ஜெர்மனில் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

செய்முறை ஒன்றும் கையில் இல்லை. நாக்கில் இருந்த ஞாபகம் மட்டும்தான். முதல் நாள் தகரத்திலடைத்த சோளமும், சோள மா என்று நினைத்துக் கூழ் தடிக்கப் போடுகிற வெள்ளை மாவும் வாங்கி வந்தாள். போறணை அடுப்பில் வெந்து வந்தது சுவரில் போஸ்டர் ஒட்டுகிற பசை மாதிரி இருந்தது. அடுத்த நாள் சோள ரவை வாங்கினாள். அது மணலாக நறநறத்தது. வேலையிடத்துப் பெரிய சமையற்காரியைக் கேட்டாள். "சோளமா? எங்கட தாத்தா அதைப் பன்றிக்குத்தான் போட்டவர்" என்று அந்த ஜெர்மன்காரி சிரித்தாள். சிரித்துவிட்டு, துருக்கிக் கடையில் மஞ்சள் சோள மா விற்கும், போய்ப் பார் என்றாள்.

வியாழக்கிழமை அவளே மகளுக்குத் தொலைபேசி எடுத்தாள். கலியாணத்துக்குப் பிறகு அவளாக எடுத்தது அதுதான் முதல் தரம்.

"பிள்ளை, வெண்டல் அண்டைக்குக் கொண்டு வந்த சோளச் சாப்பாடு… அதுக்கு என்னென்ன போடுறது?"

"என்னத்துக்கு அம்மா?"

"செய்யத்தான்."

"அவர்ட அம்மா கடைப் பெட்டி மாவில செய்வா. அந்தப் பெட்டி மாவில பன்றிக் கொழுப்புக் கலந்திருக்கும் எண்டு வெண்டல் பெட்டியை வாசிச்சுப் பாத்தவர். அதால எல்லாத்தையும் முதலில இருந்து செய்தவர். பச்சைச் சோளம் வாங்கி மணியை வெட்டி, பாதியைப் பாலோட அரைச்சு. மஞ்சள் மா, உருக்கின பட்டர், புளிச்ச கிறீம், கொஞ்சம் சீனி, உப்பு, பேக்கிங் பவுடர்."

"முட்டை எத்தினை?"

"முட்டை இல்லை அம்மா."

ஜெயமலர் பேனாவை வைத்தாள்.

"வெள்ளிக்கிழமையில நீங்கள் தொடமாட்டீங்கள் எண்டு நான் சொன்னனான். அதால முட்டைக்குப் பதிலாத் தயிர் விட்டவர். முதல் நாள் ரண்டு தரம் பிழைச்சுப் போய், விடிய எழும்பித் திருப்பிச் செய்தவர்."

"நீ அண்டைக்கே அதைச் சொல்லியிருக்கலாமே பிள்ளை."

"சொல்லியிருந்தால் சாப்பிட்டிருப்பியளோ?"

மகள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "சனிக்கிழமை மத்தியானம் வருவம்" என்று வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை காலையில் சந்தைக்குப் போனாள். வயற்காரர் ஒருவர் பச்சை மடலோடு சோளக் கதிர் குவித்து வைத்திருந்தார். வீட்டுக்கு வந்து மடல் உரித்து, பட்டுநூல் மாதிரி ஒட்டியிருந்த மயிரை ஒவ்வொன்றாக இழுத்தெடுத்தாள். தம்பித்துரை தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு வந்து மேசையில் உட்கார்ந்து, சோளக் கதிரொன்றை நிமிர்த்திப் பிடித்துக் கத்தியால் மணிகளைச் சீவத் தொடங்கினார். அவள் கேட்கவில்லை, அவராகத்தான் வந்தார். மணிகள் தெறித்து நிலமெல்லாம் சிதறின. சீவிய தண்டைக் கத்தியின் முதுகால் வழித்தபோது பால் வடிந்தது.

"அண்டைக்கு நீங்கள் ஒரு வாய் சாப்பிட்டிருக்கலாம்" என்றாள் ஜெயமலர்.

"நீ வேண்டாம் எண்டனி. உன்ர முகத்தைப் பாத்தன். யோகன் அண்ணையை நினைச்சிட்டாய் எண்டு விளங்கினது. அதுக்கு மேல நான் எப்பிடிச் சாப்பிடுறது?"

"நான் நினைச்சன், உங்களுக்குப் பிடிக்காது, நான் சாப்பிட்டால் கோவிப்பியள் எண்டு."

தம்பித்துரையின் கத்தி நின்றது. "நானோ? பெடியனை எனக்குப் பிடிச்சது. சப்பாத்தை நேரா வச்சவன்."

"அப்ப ஏன் ஒண்டும் சொல்லேல்லை?"

"நீ கேக்கேல்லை" என்றார். கத்தியை மேசையில் வைத்துவிட்டு, "நான் சொல்லியிருக்கவேணும்தான்" என்றார்.

அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் காக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு பெற்ற பிள்ளையை வாசலோடு அனுப்பியிருந்தார்கள். அதைப் பற்றி மேலே பேச ஒன்றும் இருக்கவில்லை. அவள் பாதி மணியைப் பால் விட்டு அரைத்தாள். வெண்ணெயை உருக்கினாள். மஞ்சள் மாவைத் தயிரிலும் புளித்த கிறீமிலும் குழைத்து, அரைத்ததையும் முழு மணியையும் சேர்த்து, அடிக்காமல் மெல்லக் கிளறினாள். வெண்ணெய் பூசிய தட்டில் ஊற்றிப் போறணையில் வைத்தாள். ஓரம் பொன்னிறமாகி, தட்டை அசைத்தால் நடுப்பகுதி மட்டும் லேசாகத் துளும்புகிற பக்குவத்தில் வெளியே எடுத்து இறுக விட்டாள். வீடு முழுக்க மணத்தது. அந்த மணத்தில் நின்றுகொண்டு, சொல்ல வேண்டிய ஜெர்மன் வசனத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். பிழையில்லாமல் வந்தது.

கதவு மணி அடித்தது. வெண்டல் மெலிந்திருந்தான். ஒரு காதுக்கு மேலே மயிர் முளைக்காத நீண்ட தழும்பு. இடது கை சும்மா இருக்கும்போதும் நடுங்கியது. வாசலில் தயங்கி நின்று, சப்பாத்தை எங்கே கழற்றுவது என்று சுலோஜனாவைக் கேட்டான். உள்ளே வந்ததும் சுவரில் இருந்த படங்களையும் பல்கனியையும் புதிதாகப் பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகப் பார்த்து, நல்ல வீடு என்றான்.

தம்பித்துரை அவனைக் கதிரையில் இருத்திப் பேச்சுக் கொடுத்தார். சுலோஜனா தாயின் பின்னால் சமையலறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"அம்மா, ஒண்டு சொல்லவேணும். அவருக்கு இந்த வீடு தெரியாது."

"என்ன பிள்ளை சொல்லுறாய்?"

"வெடிக்கு முன்னம் ஒரு வருசம் மட்டில அப்பிடியே அழிஞ்சு போச்சு. எங்கட கலியாணத்தையும் படத்தில பாத்துத்தான் அறிஞ்சவர். இஞ்ச வந்ததும் ஞாபகமில்லை. முதல் தரம் வாறன் எண்டுதான் வந்திருக்கிறார். ரயிலில முழுக்கக் கேட்டுக்கொண்டு வந்தவர், உன்ர அம்மாவுக்கு என்னைப் பிடிக்குமோ எண்டு."

"நீ சொல்லேல்லையோ?"

"எதைச் சொல்ல?"

"நான் சொல்லுறன். மன்னிப்புக் கேக்கத்தான் இதைச் செய்தனான்."

"கேளாதைங்கோ." சுலோஜனாவின் குரல் தாழ்ந்திருந்தது, ஆஸ்பத்திரியில் நோயாளியின் ஆட்களிடம் பேசுகிற குரல். "அவருக்குத் தெரியாமப் போனது கனக்க இருக்கு. ஒவ்வொண்டாக் கேட்டுக் கேட்டு அழுறவர். கூடப் போன ரண்டு பேர் செத்ததை நான்தான் ரண்டு தரம் சொல்லவேண்டி வந்தது. உங்களுக்கு மனம் ஆறவேணும் எண்டு அந்த வெள்ளிக்கிழமையை அவருக்குக் குடுக்காதைங்கோ."

ஜெயமலர் தட்டைத் தூக்கிக்கொண்டு போய் மேசையில் வைத்தாள். வெண்டல் பார்த்தான். நடுங்குகிற கையால் வாயைப் பொத்தினான். பிறகு சத்தமாகச் சிரித்து, சுலோஜனாவிடம் ஆங்கிலத்தில் என்னவோ வேகமாகக் கேட்டான்.

"ஆர் சொன்னது இவவுக்கு எண்டு கேக்கிறார்" என்றாள் சுலோஜனா. "நான் சொன்னன் எண்டு சொல்லியிருக்கிறன்."

அவன் ஒரு பெரிய துண்டு எடுத்தான். தின்றுகொண்டே தலையை ஆட்டினான். இன்னொரு துண்டு எடுத்தான். தம்பித்துரையும் எடுத்தார். இரண்டாம் தரமும் எடுத்தார். ஜெயமலர் சாப்பிடவில்லை என்று கண்டு வெண்டல் தானே ஒரு துண்டை வெட்டி அவளுடைய பீங்கானில் வைத்தான். கை நடுங்கியதில் கொஞ்சம் மேசையில் சிந்தியது. அவன் வெட்கப்பட்டான். அவள் சிந்தியதை விரலால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அவன் செய்தது போல வரவில்லை. கொஞ்சம் இறுகிவிட்டது.

புறப்படுகிற நேரம் வெண்டல் அவளுக்கு முன்னால் வந்து நின்று, சுலோஜனாவிடம் கேட்டுப் பாடமாக்கிய ஜெர்மனில் மெதுவாகச் சொன்னான். இலக்கணம் பிழைத்திருந்தது, சொன்னது விளங்கியது. 'முதல் நாளே எனக்கு என் அம்மாவின் சாப்பாடு. நீங்கள் நல்லவர்.'

ஜெயமலர் பாடமாக்கி வைத்திருந்த வசனம் நெஞ்சுவரை வந்தது. மகள் பார்த்துக்கொண்டு நின்றாள். "நன்றி" என்று மட்டும் சொன்னாள்.

தம்பித்துரையும் அவளும் ரயில் நிலையம் வரை கூடப் போனார்கள். வெண்டலுக்குக் கூட்டச் சத்தம் ஒத்துக்கொள்ளாது என்று தம்பித்துரை அவனை மேடையின் ஒதுக்குப்புறத்துக்குக் கூட்டிப் போனார். தாயும் மகளும் தனியே நின்றார்கள்.

"பிள்ளை, உன்னட்டயாவது கேக்கவேணும். அண்டைக்கு நான் செய்தது…"

"எனக்கு ஞாபகம் இருக்கு அம்மா."

"நீ வெட்டி வச்ச அந்த மூலைத் துண்டை, நீங்கள் போன பிறகு நான் சாப்பிட்டனான். முழுக்கச் சாப்பிட்டனான். நல்லா இருந்தது."

இதைச் சொன்னால் மகளுக்குக் கொஞ்சம் ஆறும் என்று அவள் நம்பியிருந்தாள். சுலோஜனா திரும்பி அவளை நேராகப் பார்த்தாள். கண் நிறைந்தது.

"சாப்பிட்டிட்டும் ஒரு சொல்லுச் சொல்லேல்லையோ? ஒரு போன் அம்மா. அவர் ஈராக்குக்குப் போகும்வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தவர், உப்புக் கூடிப்போச்சோ எண்டு."

ரயில் வந்தது. சுலோஜனா தாயைக் கட்டிப் பிடித்தாள். பிடித்தது உண்மையாகத்தான் இருந்தது, ஆனால் சுருக்கமாக. "பிறகு கதைப்பம்" என்று ஏறிக்கொண்டாள். வெண்டல் யன்னலுக்குள்ளிருந்து நல்ல கையால் நெடுநேரம் கையசைத்தான்.

அந்தப் பேச்சைப் பிறகு அவர்கள் பேசவேயில்லை. அமெரிக்காவிலிருந்து சுலோஜனா ஞாயிற்றுக்கிழமைகளில் எடுப்பாள். சுகம் விசாரிப்பாள், வெண்டலின் சிகிச்சை, தன் வேலைக்கான பரீட்சை, பிறகு பிறந்த பெண் குழந்தையின் பல் என்று எல்லாம் சொல்லுவாள். ஜெயமலர் இரண்டொரு முறை அந்த நாளைத் தொட்டுப் பார்த்தாள். மகள் குழந்தை அழுகிறது என்பாள். சில நேரம் குழந்தை உண்மையாகவே அழுதது.

அவர்கள் போன இரண்டாம் வருடம் மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் வேறொரு பெண்குரல் வந்தது. வெண்டலின் தாய். சுலோஜனா பக்கத்திலிருந்து மொழிபெயர்த்தாள். அவளுடைய குரலில் ஏற்ற இறக்கம் ஒன்றும் இருக்கவில்லை.

"மகன் எல்லாருக்கும் சொல்லுறவராம், முதல் முதல் உங்கட வாசலுக்கு வந்த அண்டைக்கே நீங்கள் எப்பிடி வரவேற்றனீங்கள் எண்டு. காயப்பட்ட பிள்ளையைச் சொந்தப் பிள்ளை மாதிரிப் பாத்தீங்களாம். அவ ஒவ்வொரு நாளும் உங்களுக்காகச் செபிக்கிறாவாம். என்ன சொல்லட்டும் அம்மா?"

ஜெயமலர் தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா? அவ காத்துக்கொண்டிருக்கிறா."

"சந்தோசம் எண்டு சொல்லு பிள்ளை."

சுலோஜனா அதை ஆங்கிலத்தில் சொல்வது கேட்டது. தாய் சொன்ன ஒரு சொல்லைவிட அது நீளமாக இருந்தது. மகள் தன் பாட்டில் என்ன சேர்த்தாள் என்று ஜெயமலர் கேட்கவில்லை.

தொலைபேசியை வைத்தபோது தம்பித்துரை தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்.

"ஆர் அது? என்ன சொன்னவ?"

"வெண்டலின்ர தாய். நன்றி சொன்னவ."

அவர் தொலைக்காட்சியை நிறுத்தினார். பிறகு எழும்பிப் போய், தேநீருக்குத் தண்ணீர் வைத்தார்.